லேத்திலிருந்து எச்.ஆர். மேசைக்கு



ஒவ்வொரு வருடமும் நம் மலரில் வெல்டிங்கைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் கட்டுரைகள் வருகின்றன. நானும் மெக்கானிக்கல் பிரிவு என்பதால் கியர் பாக்ஸைப் பற்றி எழுதலாம் என்று நோட்டு எடுத்து வைத்திருந்தேன். ஆறு மாதக் கம்பெனிப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. மெஷினில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், அதே கம்பெனியில் இருந்துகொண்டே எச்.ஆர். என்று நாம் சொல்லும் மனிதவளத் துறைக்குப் போக முடியுமா? போனால் என்ன கிடைக்கும், என்ன போகும்? இதுதான் நான் எழுத வந்த விஷயம்.

"எச்.ஆரா? அது எம்.பி.ஏ. படிச்சவங்க சமாச்சாரம்" என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பப் போவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்!

நமக்கு எச்.ஆர். என்றால் யார்? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கொண்டு வந்து உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்பவர். பயிற்சிக்குப் போன முதல் நாள் சர்டிபிகேட் ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் போடுபவர். லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளத்தை வெட்டுபவர். அப்புறம் ஒரு ஏ.சி. ரூம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பயிற்சியின் முதல் வாரத்தில் டர்னிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "அம்மிணி, டூல் மழுங்கிப் போச்சு. நிறுத்திட்டு கழட்டு." திரும்பிப் பார்த்தால் மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. எச்.ஆர். உதவி மேலாளர்! கழட்டிப் பார்த்தேன், முனை நிஜமாகவே போயிருந்தது. சத்தத்தைக் கேட்டே சொல்லியிருக்கிறார். எச்.ஆர். ஆளுக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அவர் கதையைக் கேன்டீனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐ.டி.ஐ. டர்னர். அதே கம்பெனியில் அப்ரன்டிஸாக நுழைந்து, பிறகு நிரந்தரமாகி, பதினான்கு வருஷம் லேத்தில் நின்றவர். எச்.ஆர். ஆக வேண்டும் என்று அவர் திட்டமே போடவில்லை. நைட் ஷிப்டில் டீ நேரத்தில் கூட வேலை செய்பவர்களுக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுப்பார். பி.எஃப். ஃபாரம் நிரப்புவார். ஒருத்தருடைய மனைவிக்குப் பிரசவம் என்றால் இ.எஸ்.ஐ. கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். "லேத்துல நான் ரொம்பக் கெட்டிக்காரன் எல்லாம் இல்லைம்மா. ஃபாரம் நிரப்பறதுலதான் கெட்டிக்காரன்" என்று சிரிக்கிறார்.

பிறகு ஒர்க்ஸ் கமிட்டிக்குத் தொழிலாளர் பிரதிநிதியாக வந்தார். 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் கலந்து உட்காரும் கமிட்டி. அந்த மேசையில் உட்கார்ந்தபோதுதான் எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. செட்டிங் மாற்ற நாற்பது நிமிஷம் ஆகும் என்பது தெரியாமலே டார்கெட் போட்டிருக்கிறார்கள். இவருக்கும் ஒன்று தெரியாமல் இருந்திருக்கிறது: கம்பெனி எந்தத் தேதிக்குள் எந்த ரிட்டர்னை அனுப்ப வேண்டும், தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது.

தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்தார். பிறகு எம்.எஸ்.டபிள்யூ. நடுவில் இரண்டு தடவை பேப்பர் போய், மகள் பிறந்து, வீட்டில் ஒரு சாவு விழுந்து, எல்லாம் சேர்த்து ஒன்பது வருஷம். புதிதாக வரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை முதலில் கொடுத்தார்கள். அதன் பிறகு டைம் ஆபீஸ். அங்கிருந்து எச்.ஆர்.

இந்த இடத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. டைம் ஆபீஸ் போன மாதம் அவருடைய கைச்சம்பளம் குறைந்துவிட்டது! ஆம், குறைந்துவிட்டது. தொழிலாளிக்கு ஓவர்டைம் இரட்டைச் சம்பளம். நைட் ஷிப்ட் படி தனி. ஸ்டாஃப் ஆனதும் இரண்டும் போய்விட்டன. "பதவி உயர்வுன்னு சொல்லி ஊட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன். சம்பளத் தேதி அன்னிக்கு ஊட்டுல பேச்சு வார்த்தையே இல்லை" என்றார். அது சரியாக மூன்று வருஷம் ஆயிற்றாம். நம்மில் யாராவது இந்த வழியில் போவதாக இருந்தால் இதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு நஷ்டத்தை ரூபாயில் சொல்ல முடியாது. சங்கத்து உறுப்பினர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து பழைய நண்பர்கள் அவரோடு டீ குடிக்கவில்லை. "மேனேஜ்மென்ட் ஆளாயிட்டான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர்கள் சொன்னது தப்பா என்று கேட்டேன். "தப்பில்லை. சம்பளம் கொடுக்கிற பக்கம்தானே உட்கார்ந்திருக்கேன்" என்று அமைதியாகச் சொன்னார். இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. எச்.ஆர். என்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் பாலம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். பாலத்தின் எந்தக் கரையிலிருந்து சம்பளம் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இந்த வேலை எப்படிப் பிறந்தது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து மில்களில் ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாம் மேஸ்திரி கையில். வேலை வேண்டுமென்றால் அவருக்குப் பணம், லீவு வேண்டுமென்றாலும் பணம். பிரிட்டிஷ் அரசு அமைத்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கொள்ளையைச் சொல்லி, ஆள் எடுக்கும் வேலையை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கித் தனியாக லேபர் ஆபீஸர்களிடம் கொடுக்கச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 தொழிலாளர்களுக்குக் குறையாத ஒவ்வொரு ஆலையிலும் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்களேன்!

பெயரும் மாறிக்கொண்டே வந்தது. லேபர் ஆபீஸர், பிறகு பர்சனல், பிறகு எச்.ஆர். நம் நாட்டில் 1975 வாக்கில் எல் அண்ட் டி கம்பெனியில்தான் மனிதவள மேம்பாடு என்று தனித்துறை முதலில் வந்தது. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் அதற்குத் திட்டம் வகுத்தார்கள்.

சரி, சாரைப் போல ஒருவர் இரண்டு பேர் போயிருக்கலாம், பெரிய கம்பெனியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேரி பாரா என்ற பெண். அவருடைய அப்பா அதே கம்பெனியின் பான்டியாக் ஆலையில் 39 வருஷம் டை மேக்கர். மகள் 1980இல், பதினெட்டாவது வயதில் (நம் வயதுதான்!) கோ-ஆப் மாணவியாகச் சேர்ந்தார். கோ-ஆப் என்றால் நம் சாண்ட்விச் படிப்பு மாதிரி. சில மாதம் வகுப்பு, சில மாதம் ஆலை. அவருக்குக் கொடுத்த வேலை கார் ஃபெண்டரையும் பானெட்டையும் பார்த்துத் தரம் சோதிப்பது. அந்தச் சம்பளத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அவர் படித்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஸ்டிடியூட்டே 1919இல் ஃபிளின்ட் நகரத்துத் தொழிலாளர்களுக்கான இரவுப் பள்ளியாகத் தொடங்கியதுதான்.

1985இல் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் பட்டம். கம்பெனி உதவித்தொகை கொடுத்து ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பியது, 1990இல் எம்.பி.ஏ. முடித்தார். 1998இல் ஃபிளின்டில் 54 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கு அடுத்த வருடம், கம்பெனி தன் சொந்த ஆட்களோடு பேசும் உள் தகவல் தொடர்புப் பிரிவின் பொறுப்பில் அவரைப் போட்டார்கள். எஞ்சினியரிங் படித்தவருக்கு மனிதர்களோடு பேசுவதே வேலையாக வந்தது. பிறகு மறுபடி உற்பத்திப் பக்கம் வந்து டெட்ராய்ட் ஹாம்ட்ராமிக் ஆலையின் மேலாளர் ஆனார். 2009 ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. ஜூலை 10இல் அதிலிருந்து வெளியே வந்தது. அந்த ஜூலையில்தான் அவரை உலகம் முழுமைக்குமான எச்.ஆர். துணைத் தலைவராக்கினார்கள். திவாலான கம்பெனியில் எச்.ஆர். என்றால் எப்படி இருக்கும்? ஆளைக் குறைத்தாக வேண்டும், இருப்பவர்களைப் பிடித்து வைக்கவும் வேண்டும். எஞ்சினியரை அங்கே உட்கார வைத்தார்கள்.

அவர் செய்த ஒரு சின்ன வேலையை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். உடை பற்றிய கம்பெனி விதி பத்துப் பக்கம் இருந்தது. அதைத் தூக்கிவிட்டுப் பொருத்தமாக உடுத்துங்கள் என்று மட்டும் போட்டார். ஆங்கிலத்தில் இரண்டே சொல். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருடைய எச்.ஆர். ஆட்களிடமிருந்தே! பிறகு ஒரு மூத்த அதிகாரி, விதி இன்னும் விவரமாக வேண்டும் என்று எழுதினார். அவர் பிரிவில் சிலர் அவசரமாக அரசு அதிகாரிகளைச் சந்திக்கப் போக வேண்டியிருக்குமாம், ஜீன்ஸோடு போனால் எப்படி என்பது கவலை. பாரா போனில் கூப்பிட்டு, உங்கள் ஆட்களோடு பேசி ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்றார். அவர்களே பேசி, ஆளுக்கு ஒரு நல்ல பேன்ட்டை லாக்கரில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அவ்வளவுதான் பிரச்சினை! பெரிய பொறுப்பைக் கையில் வைத்திருப்பவர் ஒரு பேன்ட்டை முடிவு செய்ய மேலிடத்து விதிக்குக் காத்திருந்தார் என்பதை பாரா அதில் கவனித்தார்.

2011இல் எச்.ஆரிலிருந்து கார் வடிவமைக்கும் துறையின் தலைமைக்குப் போனார். 2014 ஜனவரியில் கம்பெனியின் தலைமை நிர்வாகி. ஆக எச்.ஆர். என்பது உள்ளே போனால் வெளியே வர முடியாத அறை இல்லை.

ஆனால் எனக்கு இதில் ஒரு குறையும் தெரிகிறது, மறைக்காமல் எழுதுகிறேன். அவர் தலைமைக்கு வந்த சில வாரங்களிலேயே இக்னிஷன் சுவிட்ச் கோளாறு பெரிதாக வெடித்தது. ஓடும் காரில் சாவி தானாக நழுவி எஞ்சின் நின்றுவிடும், ஏர் பேக் விரியாது. பலர் இறந்திருந்தார்கள். கம்பெனிக்குள்ளே சிலருக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகவே தெரிந்திருந்தது. விசாரணை அறிக்கையில் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள்: கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், வெளியே போனதும் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இந்தத் தலையாட்டல், பாரா எச்.ஆர். தலைவராக இருந்த காலத்திலும் அங்கே இருந்துதானே இருக்கும்? பத்துப் பக்க விதியைக் கிழிப்பது சுலபம். ஃபோர்மேன் முகத்துக்கு நேராக "சார், இந்த பீஸ் சரியில்லை" என்று ஒரு ஹெல்பரைச் சொல்ல வைப்பது அப்படி இல்லை. மெஷினில் நின்ற ஆள் எச்.ஆருக்கு வந்தால், அந்த ஹெல்பர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று குறைந்தபட்சம் தெரிந்திருக்கும்.

இனி நம் வழி. பாராவுக்குக் கம்பெனியே படிக்கப் பணம் கொடுத்தது, நமக்கு அப்படிக் கிடைப்பது அபூர்வம். டிப்ளமோ மட்டும் வைத்துக்கொண்டு எம்.எஸ்.டபிள்யூ.விலோ எம்.பி.ஏ.விலோ சேர முடியாது, நடுவில் ஒரு பட்டம் வேண்டும். நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரும் லேட்டரல் என்ட்ரி உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் மாலை நேர பி.இ. நடந்து வந்திருக்கிறது. சார் போனது போலத் தொலைதூரப் பட்டமும் ஒரு வழி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள். தொழிலாளர் சட்டத்தை முறையாகப் படிக்கச் சென்னையில் அரசின் தமிழ்நாடு இன்ஸ்டிடியூட் ஆஃப் லேபர் ஸ்டடீஸ் இருக்கிறது. புதிய தொகுப்புகள் வந்திருப்பதால் பழைய கைடு புத்தகம் வாங்கி ஏமாற வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எச்.ஆர். என்றால் இங்கிலீஷ் என்று பயப்படுகிறோம். நல அலுவலருக்கு அந்த ஆலையில் பெரும்பாலானவர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் பழைய விதிகளிலேயே இருந்தது. இப்போது நம் பக்கத்து மில்களில் ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய. சார் ஐம்பது வயதுக்கு மேல் இந்தி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார். என் கண்ணால் பார்த்தேன்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு ஆர்வமாக எழுதுகிறேன் என்ற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஒரு நூற்பாலையில் பதினொரு வருஷம் வேலை செய்தவர். மில் பெயர் வேண்டாம். 2019இல் முதுகு வலியால் நின்றுவிட்டார். ஆபீஸில் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கடைசி மாதச் சம்பளம் வந்தது, பி.எஃப். பணம் வந்தது. அதோடு கணக்கு முடிந்தது என்றார்கள். எங்கள் வீட்டில் அதைப் படிக்க அன்று யாரும் இல்லை. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியின்போது ஒருநாள் சார் ஓய்வுபெறும் ஒருவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசி மாதம் வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுக்க வேண்டும். மாதத்தில் நான்கு ஞாயிறு போக 26 நாள் என்று கணக்கு. வருவதை 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும், தானாக நின்றாலும் உண்டு. 2025இல் வந்த புதிய ஏற்பாட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு என்று நேரடியாக எடுக்கப்படும் ஆட்களுக்கு ஒரு வருஷத்திலேயே உண்டு.

அன்று ராத்திரி அப்பாவின் தகரப் பெட்டியில் கடைசிச் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்தேன். 9,100 ரூபாய். 26ஆல் வகுத்தால் 350. பதினைந்தால் பெருக்கினால் 5,250. பதினொரு வருஷத்துக்கு 57,750 ரூபாய்.

அந்த வருஷம்தான் அண்ணன் பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனான்.

மறுநாள் சாரிடம் சீட்டைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டாரே சார் என்றேன். அப்போது நடைமுறையில் இருந்தது 1972ஆம் வருடச் சட்டம். தொழிலாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது, அதற்கு மாறாக எந்த ஒப்பந்தம் எழுதி வாங்கினாலும் சட்டம்தான் நிற்கும் என்றார். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டியிருக்கும், முதலில் மில்லுக்கு விண்ணப்பம், பதில் இல்லையென்றால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் என்று எழுதியும் கொடுத்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் காகிதத்தை நீட்டினவனும் என்னை மாதிரி ஒரு எச்.ஆர்.தான் அம்மிணி. அவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்" என்றார்.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சோறு போட்ட இடம் கண்ணு, விடு" என்றார். அம்மாதான், "பதினோரு வருசம் நீங்க போட்ட சோறு அது" என்று சொல்லி வாயை அடைத்தாள். விண்ணப்பத்தை நான் தமிழிலேயே எழுதினேன். அப்பா ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. பதில் இல்லை. ஆணையர் அலுவலகத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஜூனில் நான் வேலைக்குச் சேர்வது மெஷினில்தான். மாலை நேர வகுப்புக்கான விவரங்களையும் விசாரித்து வைத்திருக்கிறேன். எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது, சாருக்கு ஒன்பது ஆயிற்று. அதற்குள் உங்கள் வீட்டிலும் யாராவது மில்லிலோ கம்பெனியிலோ ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்து நின்றிருந்தால் பழைய சம்பளச் சீட்டைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் மதிய இடைவேளையில் ஒர்க்‌ஷாப் படிக்கட்டுக்கு எடுத்து வாருங்கள். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு